கிளியூர் நீர்வீழ்ச்சி: முதல் தடவை நடந்து போகிறவர்களுக்கு

சேலத்தில் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய அருவி நடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏற்காட்டின் கிளியூர்தான். அருவியின் உயரம் சுமார் 300 அடி. ஏற்காடு ஏரியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் "இவ்வளவுதானா" என்றுதான் தோன்றும். ஆனால் சிக்கல் தூரத்தில் இல்லை. கோயில் மலைக்குப் போனால் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். கிளியூரில் எல்லாம் தலைகீழ். தெம்பு இருக்கும்போது பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறோம். குளித்து, சாப்பிட்டு, கால் தளர்ந்த பிறகு ஏறுகிறோம். நேரம், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த ஏற்றத்தை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

கிளியூரில் விழுவது பெரும்பாலும் ஏற்காடு ஏரியின் உபரி நீர். ஏரி நிரம்பி மறுகால் போனால்தான் அருவி அருவியாக இருக்கும். இல்லாவிட்டால் ஈரப்பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோடை விழாவுக்குக் கூட்டம் குவியும் மே மாதத்தில்தான் பலர் இங்கே வந்து ஏமாறுகிறார்கள். கோடை மழை நன்றாகப் பெய்த வருடங்கள் விதிவிலக்கு. நம்பிப் போகலாம் என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏற்காட்டில் தெரிந்த கடைக்காரரிடமோ விடுதியிலோ போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ஏரி மறுகால் போகுதா? ஃபால்ஸுக்கு ஆள் விடுறாங்களா?" இரண்டாவது கேள்வியை மறக்க வேண்டாம். கனமழை நாட்களில் வழியை அடைத்துவிடுவார்கள், மலைப்பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்தையே நிறுத்துவார்கள். கொட்டுகிற மழையன்று போகாதீர்கள். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் தண்ணீரும் இருக்கும், பாறையும் ஓரளவு காய்ந்திருக்கும். இணையத்தில் பார்க்கும் படங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் நல்ல மழைக்காலத்துப் படத்தைத்தான் போடுவார்கள்.

இரண்டு வாரம் படி ஏறி இறங்குங்கள்

சமதளத்தில் தினமும் நடக்கிறவர்களுக்கும் இங்கே தொடை நடுங்கும். இறங்கும்போது உடம்பின் மொத்த எடையையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது, அந்த வேலை அதற்குப் பழக்கமில்லை. சேலம் அம்மாபேட்டையில் உள்ள குமரகிரி மலைக்கோயில் படிகளில் வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினால் போதும். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்: முழங்காலை லேசாக மடக்கி, பாதம் முழுவதும் படியில் படும்படி, சத்தம் வராமல் இறங்க வேண்டும். தொம் தொம் என்று சத்தம் வந்தால் அடி முழங்காலுக்குப் போகிறது என்று அர்த்தம். மூட்டு வலி உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கீழே இறங்க வேண்டாம். மேலே ஏரிப் பக்கமே அவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் இறங்கவும் கீழே இருக்கவும். இன்னொரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்து ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பளிங்கு மாதிரி தெரிந்தாலும் அது ஊருக்குள் இருக்கும் ஏரியைத் தாண்டி வருகிற தண்ணீர்.

சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய். தட்டுவடை தனியாகக் கொண்டுபோகலாம், நடுவில் சட்னியும் காய்கறியும் வைத்துச் செட்டாகப் போட்டு எடுத்துப்போனால் அரை மணியில் ஊறிப்போகும். எதையும் பிளாஸ்டிக் கவரில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். கையில் கவர் தொங்கினால் உள்ளே தின்பண்டம் என்று குரங்குக்குத் தெரியும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடையும் இருக்கிறது. முதுகில் மாட்டும் பைக்குள் எவர்சில்வர் டப்பாவில் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் சமாதானம் கிடையாது. ஹவாய் செருப்பில் இறங்குகிறவர்கள்தான் அதிகம், வழுக்கி விழுகிறவர்களும் அவர்கள்தான். அடிப்பாகத்தில் ஆழமான வெட்டு உள்ள ஷூ வேண்டும்; தேய்ந்துபோன பழைய ஷூ செருப்பைவிட மோசம். மழைக்காலமென்றால் நீளமான காலுறை போட்டு, பேண்ட்டின் அடிப்பகுதியை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். இது அட்டைக்காக. காலுறையின் வெளிப்பக்கம் உப்புத்தூள் தேய்த்தாலும் பலன் உண்டு, நனைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். ஆனால் கடித்துக்கொண்டிருக்கிற அட்டை மேல் உப்பைக் கொட்டாதீர்கள், தீக்குச்சியும் வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கி அதன் வாயைப் பெயர்த்தெடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அட்டை உள்ளே விட்டிருக்கும், அதனால் வெகுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

இவை தவிர துண்டு, மாற்றுத் துணி, டார்ச், கட்டுத்துணி, சில்லறைப் பணம்.

மலை ஏறுவது

சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்துகள் போகின்றன. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. பைக்கில் போனால் திரும்பி இறங்கும்போது நியூட்ரல் போடவே கூடாது. இரண்டாவது கியரில் இன்ஜின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். அடிவாரம் பாதையை மூடியிருந்தால் குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது. அதுவும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திரும்புங்கள்.

ஒன்பது மணிக்குள் ஏரிக்கு வந்துவிடுவது நல்லது.

இறக்கம்

ஏரியிலிருந்து கிளியூர் சாலையில் வண்டி போகிற தூரம் வரை போய், பிறகு நடை, கடைசியில் செங்குத்தான படிகள். இறங்க ஆரம்பிக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் இறங்கினீர்களோ, ஏற அதைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் இரண்டரை மடங்கு. பள்ளத்தாக்கில் சூரியன் சீக்கிரம் மறையும். மழை மாதங்களில் மூன்று மணிக்கு மேல் கீழே நிற்பது சரியில்லை.

படியில் உதிர்ந்த இலைதான் பெரிய எதிரி. ஈர இலைக்கடியில் பாசி இருக்கும். படியில் ஆட்கள் மிதித்துத் தேய்ந்து வெளுத்த பகுதியில் கால் வையுங்கள். கறுத்து மினுமினுக்கும் பாறையைத் தொடவே வேண்டாம்.

காப்பித் தோட்டத்துக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். அது தனியார் நிலம், காட்டெருமை நடமாட்டமும் உண்டு. எதிரே பட்டால் போட்டோ எடுக்க நெருங்காமல், ஓடாமல், மெதுவாகப் பின்வாங்கி அதற்கு வழி விடுங்கள்.

அருவியடியில்

நேரே விழும் தண்ணீருக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள். உயரத்திலிருந்து தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும். ஓரமாகச் சிதறுகிற இடத்தில் நில்லுங்கள். தேங்கிய நீரின் ஆழம் வெளியே தெரியாது, அதனால் குதிப்பது கூடாது. குடித்துவிட்டு இறங்குகிறவர்களோடு சேரவே வேண்டாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே அருவி பெருகலாம். நீர்ப்பிடிப்பு மேலே ஊரைச் சுற்றி இருக்கிறது. அங்கே மழை பிடித்தால் சற்று நேரத்தில் இங்கே தெரியும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா, இரைச்சல் கனக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் துணியை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல், தண்ணீர் வடியும்வரை உயரமான இடத்தில் காத்திருங்கள்.

பள்ளத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள் என்று இறங்கும் முன்பே ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அவசரத்துக்கு 108, 112.

ஏற்றம்

ஈரத்துணியை மாற்றி, ஏதாவது சாப்பிட்டுக் கால் மணி உட்கார்ந்த பிறகு கிளம்புங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுபோனால் வேகம் அதிகம். ஐம்பது படி, ஒரு நிமிடம் நின்று மூச்சு, மறுபடி ஐம்பது. உட்காரக் கூடாது; உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். கூட்டத்தில் மெதுவாக ஏறுகிறவரை முன்னால் விடுங்கள். அவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்கள் நின்று காத்திருப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், பிறகு ஓ.ஆர்.எஸ். தண்ணீர்.

மார்பில் அழுத்தம், தலைசுற்றல், குமட்டலோடு வியர்வை வந்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அங்கேயே உட்காரவைத்து, ஒருவர் மேலே போய் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கிளியூரில் தண்ணீர் இல்லையென்றால்

குழந்தைகளோடு போக ஆத்தூர் அருகே முட்டல் ஏரியும் ஆனைவாரி அருவியும் எளிது, வனத்துறை நடத்தும் சுற்றுலா இடம் அது. கொல்லிமலை ஆகாய கங்கை அருவி வேறு கணக்கு: 70 கொண்டை ஊசி வளைவுகள், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அதிலும் இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். கிளியூர் ஏற்றத்தில் திணறியவர்கள் இன்னும் ஒரு மாதம் குமரகிரியில் பழகிவிட்டு அங்கே போகலாம்.