தேயிலை மலையில் ஹெலிகாப்டர் விழுந்தால் அருகில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

கேரளத்தின் பீருமேடு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் சிறிய ஹெலிகாப்டர் ஒன்று பழுதாகி விழுந்தால், தீயணைப்பு வண்டி மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து வருவதற்குள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள்தான் அங்கே போய் நிற்பார்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோதும் நஞ்சப்பசத்திரத்து மக்களே முதலில் ஓடினார்கள்.

விமானியின் கைப்பிடிகளும் கால் மிதிகளும் தண்டுகள் அல்லது கம்பிகள் வழியாக மேல் இறக்கைகளோடும் வால் விசிறியோடும் இணைந்திருக்கின்றன. வால் விசிறியின் இணைப்பு சிக்கிக்கொண்டால், ஓரிடத்தில் நிற்க முயலும்போது இயந்திரம் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும் என்பதால், விமானி வேகத்தைக் குறைக்காமல் நீண்ட சமதளத்தில் சறுக்கியபடி இறங்கப் பார்ப்பார். ஆகவே வால் ஒரு பக்கம் சாய்ந்தபடி ஹெலிகாப்டர் விளையாட்டு மைதானத்தை நோக்கி வந்தால், வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல், பிள்ளைகளையும் மாடுகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

விழுந்த பிறகு, இறக்கைகள் முழுவதும் நிற்கும்வரை நெருங்காதீர்கள். வேகம் குறையும்போது அவை தாழ்ந்து சுழலும். சரிவில் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்குவதுதான் மிகவும் ஆபத்து, ஏனெனில் அங்கே இறக்கை தரைக்கு அருகில் இருக்கும். பள்ளத்துப் பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி முன்புறத்திலிருந்து செல்லுங்கள். வால் பக்கம் போகவே கூடாது. எரிபொருள் கசியக்கூடும் என்பதால் பீடி, தீப்பெட்டி வேண்டாம். எண்ணெயில் பிடித்த சிறு தீயைத் தண்ணீரைவிட மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பது நல்லது.

தீ அபாயம் இல்லையென்றால், முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடியவரை இழுத்து வெளியே போடாமல், கழுத்து அசையாதபடி பிடித்துக்கொண்டு கம்பளியால் போர்த்தி வையுங்கள். இயந்திரம் கவிழ்ந்திருந்தால், உடலைத் தாங்கிய பிறகே இருக்கைப் பட்டியைக் கழற்ற வேண்டும். இதற்கிடையே சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒருவர் சென்று 112-ஐ அழைக்கட்டும். எல்லையோரத்தில் அழைப்பு தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடலாம் என்பதால், மாநிலத்தையும் மாவட்டத்தையும் முதலில் சொல்லி, பிறகு எஸ்டேட்டையும் அதன் டிவிஷனையும் (பிரிவையும்) சொல்ல வேண்டும்.

ஆட்களை மீட்கவோ தீயைத் தடுக்கவோ அன்றி எந்தப் பாகத்தையும் நகர்த்தாதீர்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஒரு சிறு பின் காணாமல் போனதே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவினர் அதைத்தான் தேடி வருவார்கள். கொழுந்துச் செடிகளுக்கிடையே சிதறிய துண்டுகளைக் கண்டால், கையில் எடுக்காமல் அருகே ஒரு குச்சி நட்டு, போலீஸார் வரும்வரை ஒருவர் காவல் நிற்கட்டும்.