நாலரைக்கு எழும்ப வேண்டாம்: ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கும் விதம்

ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுக் கொப்பி வரும். முதல் பக்கத்தில் நாலரைக்கு எழும்புவது, தியானம், ஓட்டம், ஒரு மணித்தியால வாசிப்பு, இரவில் சோறு இல்லை என்று வடிவான பட்டியல் இருக்கும். தைப்பொங்கல் முடியும்போது அதே கொப்பியில் கடைச் சாமான் கணக்கு எழுதியிருப்பேன். ஒரு வருடம் ஜிம்முக்கு மூன்று மாதக் காசை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினொரு நாள்தான் போனேன். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய், இரவு ஏழு மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வீடு வருகிறவனை அந்தத் திட்டத்தில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது செய்கிற விதம் வேறு. முதல் தடவை தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒன்றே ஒன்றை எடுங்கள்

உங்கள் வாரத்தில் மிக மோசமான நாளை நினைத்துப் பாருங்கள். மழை, காலி வீதி நெரிசல், பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் உங்கள் அளவு. பத்து நிமிட நடை, இரண்டு பக்க வாசிப்பு, தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனி குறைப்பு. கேட்கச் சிரிப்பு வந்தால் அளவு சரி என்று அர்த்தம்.

படி 2: ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள்

“ஆறு மணிக்கு நடப்பேன்” என்றால் பஸ் பிந்தியதும் திட்டம் போச்சு. “வேலையால் வந்து உடுப்பு மாற்றியதும் சப்பாத்தைப் போடுவேன்” என்றால் எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் நினைத்ததைச் செய்துமுடிப்பது கூடுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

படி 3: செய்து பார்ப்போம்

இரண்டு உதாரணம் தருகிறேன், நீங்கள் ஒன்றை மட்டும் எடுங்கள். முதலில் சீனி, ஏனென்றால் அதற்கு நேரமே தேவையில்லை. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளுக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 24 கிராம். இப்படிச் சேர்க்கிற சீனி மொத்தமாக 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்னேரம் சாப்பிடுகிற கேக் துண்டு இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், நான் நிறுத்தி, நாலாம் நாள் மூன்று கரண்டி போட்டுக் குடித்தேன். கரண்டியில் குவிந்திருப்பதை முதலில் விரலால் தட்டிச் சமப்படுத்துங்கள். இரண்டு வாரம் அப்படியே. அடுத்த இரண்டு வாரம் ஒன்றரைக் கரண்டி, பிறகு ஒன்று. நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும். கஷ்டம் அலுவலகத்தில்தான்: தேத்தண்ணி சீனியோடு கலந்தே வரும். “அண்ணை, எனக்குச் சீனியைத் தனியாத் தாங்கோ” என்றேன். “என்ன தம்பி, சீனி வருத்தமோ?” என்று முழுத் தளத்துக்கும் கேட்க விசாரித்தார். ஒரு கிழமை எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். (உண்மையிலேயே சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டில் எதை மாற்றினாலும் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.)

நடைக்கு மரைன் டிரைவ் போதும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் கொழும்பில் வருடம் முழுக்கக் காலை ஆறு மணியை ஒட்டித்தான் விடிகிறது. இருட்டில் எழும்பவேண்டிய தேவையே இல்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஐந்து நிமிடம் போய்த் திரும்புங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வளர்ந்தவர்களுக்கு வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். தென்மேற்குப் பருவ மழைக் காலத்துக்கு இப்போதே மாற்று வழி வையுங்கள். எனக்கு அது பிளாட்டின் மாடிப்படி. மூன்றாம் மாடிவரை இரண்டு தரம் ஏறி இறங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது.

சப்பாத்து வாசலில் இருக்கட்டும், போன் சார்ஜர் ஹோலில் இருக்கட்டும். இதற்கு மேல் ஒன்றும் வாங்க வேண்டாம், முக்கியமாகப் புது ஓட்டச் சப்பாத்து.

படி 4: கலண்டரில் புள்ளடி போடுங்கள்

செய்துமுடித்த நாளுக்கு ஒரு புள்ளடி. கடையில் இலவசமாகத் தந்த கலண்டரே போதும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது தேவைப்படுகிறது என்று 1960இல் எழுதியிருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் தொலைந்துபோய், மிச்சம் உலகம் சுற்றுகிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கம் தன்னியல்பாக வர எடுத்த காலம் 18 முதல் 254 நாள்வரை என்று கணித்தார்கள்; நடு அளவு 66. ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் விட்டால் விடுங்கள். அடுத்த நாள் மட்டும் எப்படியாவது பாதி அளவாவது செய்துவிடுங்கள்.

படி 5: போயா நாளில் கணக்குப் பாருங்கள்

பௌர்ணமிப் போயாவுக்கு மாதத்துக்கு ஒரு லீவு நிச்சயம் கிடைக்கிறது, அதில் ஐந்து நிமிடம் எடுங்கள். போன போயாவிலிருந்து இருபது புள்ளடிக்குக் குறைவாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். இருபதுக்கு மேல் இருந்தாலும் கூட்டாதீர்கள், இன்னொரு போயாவரை அப்படியே போகட்டும். பிறகுதான் இரண்டாவது பழக்கம்.

என்னுடைய இரண்டாவது, இரவு ரைஸ் குக்கரைப் போட்டதும் இரண்டு பக்கம் வாசிப்பது. குக்கர் ‘டக்’ என்றதும் புத்தகத்தை மூடலாம். நான் பெரும்பாலும் மூடுவதில்லை, “தேங்காயை ஆர் துருவுறது?” என்று குசினியிலிருந்து குரல் வரும்வரை.