பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும்போது கணினியில் நேரும் தவறை மறுநாளும் திருத்திக்கொள்ளலாம்; பிலிமின்மீது நேரும் தவறை எவராலும் திருத்த முடியாது. ஆகவே பிலிமிலிருந்தே தொடங்குகிறேன்.

நெகட்டிவின் பளபளப்பில்லாத பக்கத்தில்தான் உருவத்தைத் தாங்கிய ஜெலட்டின் படலம் இருக்கிறது. அதை விரலால் தொடுவதும், தூசியைக் கண்டதும் துணியால் துடைப்பதும், வாயால் ஊதுவதும் பலரும் நல்லெண்ணத்துடனேயே செய்யும் தவறுகள். துணியில் சிக்கிய ஒரு மணல்துகள் முகத்தின் குறுக்கே நிரந்தரக் கீறலை இட்டுவிடும். ஊதும்போது தெறிக்கும் எச்சில் கறையாக நின்றுவிடும். ஓரங்களை மட்டும் பிடித்து, லென்ஸைச் சுத்தம் செய்யப் பயன்படும் ரப்பர் ஊதியால் தூசியை அகற்றினால் போதும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நெகட்டிவ்களை இழுத்துப் பிரிக்க முயன்றால் படலமே உரிந்து வரும் என்பதால் அவற்றைப் பழைய பிலிம்களைப் பராமரிக்கும் வல்லுநரிடம் விட்டுவிடுவதே நல்லது. பெட்டியைத் திறந்ததும் புளிக்காடி நெடி அடித்தால் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்காலான பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் அமில ஆவி மற்றவற்றையும் கெடுக்குமாதலால், நெடி அடிக்கும் பிலிம்களைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, காகிதத்துக்குரிய அளவில் பிலிமை ஸ்கேன் செய்வது. 35 மி.மீ. பிலிமின் ஒரு படம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமுமே கொண்டது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் ஏறத்தாழ 425 பிக்சல் நீளமுள்ள சிறு படமே கிடைக்கும். 2400 என்றால் சுமார் 3400 பிக்சல், 4000 என்றால் சுமார் 5670. அதற்காக, கண்ணாடித்தட்டு ஸ்கேனரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மிகப்பெரிய எண்ணையே எப்போதும் தேர்ந்தெடுப்பதாலும் பயனில்லை. லென்ஸால் பிரித்தறிய முடிகிற அளவுக்குமேல் கோப்புதான் பெரிதாகுமே தவிர நுணுக்கம் அதிகரிக்காது.

ஸ்கேனரில் உள்ள, தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் பயன்படுத்துவதுதான் மிகுதியாகக் கவனிக்கப்படாத தவறு என்பது என் கருத்து. வண்ண நெகட்டிவின் சாயம் அகச்சிவப்பு ஒளியை ஊடுருவ விடுகிறது. தூசியும் கீறலும் மட்டுமே அதைத் தடுக்கின்றன. வழக்கமான கறுப்பு வெள்ளைப் படமோ வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அந்த ஒளியைத் தடுப்பதால், மென்பொருள் உருவத்தையே அழுக்கென்று எண்ணி அழித்து நிரப்பிவிடுகிறது. இப்படி ஒரு சுருள் முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டு, முகங்கள் ஏன் மெழுகுபோல் இருக்கின்றன என்று நான் நெடுநேரம் குழம்பியதுண்டு.

பிலிமைப் புரட்டி வைத்தால் படம் இடம்வலமாக மாறிவிடும். ஓரத்து எண்கள் நேராகப் படிக்க வருகின்றனவா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். தானியங்கித் திருத்தத்தை நம்பி, வெளுத்த வானத்தையும் இருண்ட நிழலையும் இழந்துவிடாதீர்கள். தரம் குறையாமல் காக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக மூலத்தைச் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் அதிலிருந்து அளவு சுருங்கிய ஜேபெக் (JPEG) பிரதி எடுப்பதே முறை.

பகிரும்போது தேதியைக் கவனிக்க வேண்டும். கோப்பில் தானாகப் பதிவது ஸ்கேன் செய்த நாளேயன்றிப் படம் எடுத்த நாள் அன்று. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் '1960-களின் இறுதி' என்று எழுதுவது, ஊகித்த ஓர் ஆண்டை உண்மைபோல் எழுதுவதைவிட நேர்மையானது. படத்தில் இருப்பவர்கள் உயிருடன் இருந்தால் அவர்களிடம் கேட்காமல் பொதுவில் இடக்கூடாது. அன்று கேமராவின் முன் நின்றவர்கள் உலகமே தம்மைப் பார்க்கும் என்று எண்ணி நின்றவர்கள் அல்லர்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கி எறிவது, இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தரும் தவறு. வன்வட்டு பழுதாகலாம், நாளை இதைவிட நல்ல ஸ்கேனரும் கிடைக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்து பாலிப்ரொப்பிலீன் என்னும் வேறு வகைப் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு, கோப்புக்குக் கொடுத்த எண்ணையே உறையின்மேலும் எழுதி, ஈரமும் வெப்பமும் அண்டாத இடத்தில் வையுங்கள்.