முதல் முறை ஆள் எடுக்கப் போகிறீர்களா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்க முதன்முதலாக நேர்காணல் நடத்தியபோது, முக்கால்வாசி நேரம் நானே பேசிவிட்டேன். வந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இப்போது வருகிற எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்விகள்தான், ஒரே வரிசையில். அப்போதுதான் ஒப்பிட முடியும். "நீங்கள் பொறுப்பானவரா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? "மாதக் கடைசியில் கணக்கு இடித்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பத்து விநாடி மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பி பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசித்துவிட்டு, "ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றியிருந்தேன், தப்பு என்னுடையதுதான்" என்றார். அவரைத்தான் எடுத்தோம்.

கல்யாணம், குழந்தை, மதம் பற்றிய கேள்விகள் வேண்டாம். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழும் மலாயும் கலந்து பதில் வந்தால் வரட்டும்.

அப்புறம், நோட்டீஸ் காலத்தை, அதாவது இப்போதைய வேலையை விட எத்தனை வாரம் முன்பே சொல்ல வேண்டும் என்பதை, கேட்க மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். "அடுத்த திங்கள் வந்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துவது நியாயமில்லை.

ஒருவர் போனதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.