இறால் குட்டைக்கரையில் ஒரு வெப்ப அளவி: மின்சாரம், சூடு, தொடர்பு மூன்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் முறை

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கே ஒரு மின்னணுப் பெட்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினாலும், அது சித்திரை வெயிலையும் உப்புக்காற்றையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை மூட்டத்தையும் தாங்கியாக வேண்டும். உப்புக்கு அஞ்சிப் பெட்டியை இறுக மூடினால் உள்ளே சூடு தேங்குகிறது. சூட்டுக்கு அஞ்சித் துளையிட்டால் உப்பு நுழைகிறது. தொடர்பு அறுந்துவிடக் கூடாதென்று கருவியை எந்நேரமும் விழித்திருக்கச் செய்தால் மின்கலம் ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவற்றைத் தனித்தனியாகத் தீர்க்க முயன்று அலைக்கழிகிறார்கள். கருவியை எவ்வளவு நேரம் உறங்க வைக்கிறோம் என்பதே மூன்றையும் ஒருசேர நிர்ணயிப்பதால், இந்த விளக்கமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நாம் செய்யப்போவது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இறால் குட்டையின் நீர் வெப்பநிலையை அளந்து, ஒரு கிலோமீட்டர் அளவுத் தொலைவிலுள்ள வீட்டுக்கு அனுப்பும் சிறு கருவி. இதற்கு இஎஸ்பி32 சில்லு (வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சில்லு), லோரா ரேடியோ மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்புவது), இரண்டு டிஎஸ்18பி20 வெப்ப உணரிகள், பாதுகாப்புச் சுற்றுள்ள 2500 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் மின்கலம், 5 வோல்ட் சோலார் பலகை, டிபி4056 சார்ஜிங் பலகை ஆகியவை வேண்டும். வீட்டில் கரண்ட் இணைப்புடன் இன்னோர் இஎஸ்பி32, லோரா ஜோடி பெறும் முனையாக இருக்கும்.

படி 1: முதலில் மின்செலவைத் தாளில் கணக்கிடுங்கள்

வைஃபையை அணைக்காமல் ஓடும் இஎஸ்பி32 சராசரியாக 100 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 2400 மில்லி ஆம்பியர் மணி செலவாகும். நம் மின்கலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே சில்லை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, 3 விநாடிகளில் அளந்து அனுப்பிவிட்டு மீண்டும் உறங்க விட்டால், ஒரு நாளில் அது விழித்திருப்பது 96 முறை, மொத்தம் 288 விநாடிகள். அப்போது 60 மில்லி ஆம்பியர் ஓடினாலும், செலவு 5 மில்லி ஆம்பியர் மணிக்கும் குறைவே.

மீதி நேரத்தில் என்ன ஓடுகிறது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். டீப் ஸ்லீப் எனப்படும் ஆழ்ந்த உறக்கத்தில் சில்லுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோ ஆம்பியர் போதும். ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கும் டெவலப்மென்ட் போர்டில் (சில்லோடு பிற உறுப்புகளும் பொருத்தப்பட்ட பழகு பலகையில்) இருக்கும், அழுத்தத்தை 3.3 வோல்ட்டாக்கித் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், சில்லு உறங்கும்போதும் 5 மில்லி ஆம்பியர் அளவு எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு அது 120 மில்லி ஆம்பியர் மணி. அதாவது கருவி செய்யும் வேலைக்கான மின்சாரத்தைப் போல் இருபது மடங்குக்கும் மேல் சும்மா இருக்கும்போதே போய்விடும். ஆகவே போர்டில் நிரலை எழுதிப் பழகுங்கள். குட்டைக்கரைக்கு எடுத்துச் செல்லும் கருவியில் இஎஸ்பி32 மாட்யூலை மட்டும் வைத்து, எம்சிபி1700 போன்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டரை இணையுங்கள். அது தனக்கென எடுப்பது 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. அதன் உச்ச அளவு 250 மில்லி ஆம்பியர் என்பதால் வைஃபைக்கு அது நெருக்கடிதான், லோராவுக்குத் தாராளம். ரெகுலேட்டரின் வெளியீட்டில் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

இஎஸ்பி32 உறங்கினால் லோரா தானாக உறங்கிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். உறங்கப் போகும் முன் ரேடியோவுக்கும் உறக்கக் கட்டளை அனுப்ப வேண்டும்.

படி 2: உணரிகளை இணையுங்கள்

இரண்டு உணரிகளும் ஒரே தரவுக் கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையைப் போடுங்கள். ஒன்று நீருக்குள் போகும். மற்றது மின்கலத்தின் மேல் ஒட்டப்படும். முழுத் துல்லியத்தில் அளக்க 750 மில்லி விநாடி ஆகும். காத்திராமல் படித்தால் 85 டிகிரி என்ற பொய் எண் வரும். கம்பி அறுந்திருந்தால் வழக்கமான நிரல் நூலகம் -127 என்று காட்டும். இவ்விரு எண்களையும் அளவாக எண்ணி வீட்டுக்கு அனுப்பாமல், பழுதுக் குறியாக அனுப்புங்கள்.

மின்கல அழுத்தத்தை அளக்க, இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளால் அதைப் பாதியாக்கி இஎஸ்பி32இன் 34ஆம் முனைக்குக் கொடுத்தால் போதும்.

படி 3: சூட்டைக் கட்டுப்படுத்துங்கள்

சாதாரண லித்தியம் அயனி மின்கலத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய பெட்டி அந்த அளவை எளிதில் தாண்டும். மலிவான டிபி4056 பலகையிலோ வெப்பம் அறியும் கால் தரையோடு இணைக்கப்பட்டிருப்பதால், அது எந்தச் சூட்டிலும் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். அந்தக் காவலை நாம்தான் நிரலால் செய்ய வேண்டும்.

டிபி4056 சில்லின் 8ஆம் கால்தான் சார்ஜிங்கை அனுமதிக்கும் கால். அதைப் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி, 100 கிலோ ஓம் மின்தடை வழியாகச் சோலார் உள்ளீட்டின் நேர்முனையோடு இணையுங்கள். பிறகு பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டரை அந்தக் காலுக்கும், எமிட்டரைத் தரைக்கும், பேஸை இன்னொரு 100 கிலோ ஓம் வழியாக இஎஸ்பி32இன் 27ஆம் முனைக்கும் கொடுங்கள். முனை உயர்ந்தால் சார்ஜிங் நிற்கும். தாழ்ந்தாலோ, சில்லு செத்துக் கிடந்தாலோ சார்ஜிங் நடக்கும். இந்தத் திசையை மாற்றிவிடாதீர்கள். சில்லு உயிரோடிருந்தால்தான் சார்ஜ் ஏறும் என்று அமைத்தால், மழைக்காலத்தில் மின்கலம் ஒருமுறை முழுதாக இறங்கியதும் வெயில் திரும்பினாலும் கருவி எழவே எழாது.

மின்கலச் சூடு 43 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, 40க்குக் கீழே வந்தபின் திறக்கும்படி நிரலை எழுதுங்கள். நாம் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம் என்பதால் 45 வரை காத்திருக்க இயலாது. ஆழ்ந்த உறக்கத்தில் முனைகள் தம் நிலையை விட்டுவிடும். ஆகவே உறங்கும் முன் 27ஆம் முனைக்குப் பிடித்துவைக்கும் கட்டளையையும், எழுந்ததும் விடுவிக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். உச்சி வெயிலில் நான்கைந்து மணி நேரம் சார்ஜ் ஏறாமல் போவது பெரிய இழப்பாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 6 மில்லி ஆம்பியர் மணியே செலவாகும் கருவிக்குக் காலை வெயிலே மிகுதி.

படி 4: பெட்டி

வெள்ளை நிற, ஐபி65 தரத்துக்கு (தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத தரம்) குறையாத பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, சோலார் பலகையையே அதற்குக் கூரையாக, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கம்பிகள் யாவும் அடிப்பக்கமாக நுழையட்டும். சமையல் உப்பின் வேதிப்பொருளான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும்; கடலோர இரவுகளில் அந்த அளவு வெகு சாதாரணம். பகலில் வெறும் தூசியாகக் கிடக்கும் உப்புப் படலம் இரவில் மின்சாரம் கடத்துவது இதனால்தான். சுற்றுப்பலகையின் மேல் அக்ரிலிக் பூச்சு அடியுங்கள், இணைப்பான்களை மட்டும் மறைத்துக்கொண்டு. நீரில் இறங்கும் உணரியின் எஃகுக் குழலும் உப்புநீரில் அரிக்கப்படும் என்பதால், பசையுள்ள சுருங்கு குழாயால் அதை முழுதும் மூடிவிடுவது நல்லது.

படி 5: தொடர்பு

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் அனுப்பிப் பார்க்க வேண்டாம்; ரேடியோ கெட்டுப்போகும். சீமைக்கருவேலம் மண்டிய இடங்களில் அனுப்பும் திறனைக் கூட்டுவதைவிட, பெறும் முனையின் ஆன்டெனாவை மொட்டை மாடியில் உயர்த்தி நிறுத்துவதே பலன் தரும். லோராவில் செய்தியை எவ்வளவு பரப்பி அனுப்புவது என்பதைக் குறிக்கும் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்ற எண் ஒவ்வொரு படி கூடும்போதும் தொலைவு கூடும். கூடவே அனுப்பும் நேரமும் மின்செலவும் ஏறத்தாழ இரட்டிக்கும். 9இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள்.

புயல் நாளில் வீட்டில் கரண்ட் போனால் பெறும் முனை பதில் தராது. அப்போது பதில் வரும்வரை விடாமல் முயலும் நிரல், வெயிலற்ற அந்த நாட்களிலேயே மின்கலத்தைத் தீர்த்துவிடும். இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம். அளவை உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் சேர்த்துவைத்து, அடுத்த முறை சேர்த்து அனுப்புங்கள். மின்கலம் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உறக்கத்தை ஒரு மணி நேரமாக நீட்டுங்கள்.

படி 6: சோதனை

உறக்க மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தபடியே சில்லை எழவிட்டால் மீட்டருக்குள் அழுத்தம் சரிந்து சில்லு மீண்டும் மீண்டும் தொடங்கும். எழும் நேரத்தில் மீட்டரின் இரு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, உறங்கியபின் எடுங்கள். 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் காட்டினால் லோராவையும் மின்தடை அளவுகளையும் சரிபாருங்கள். அதன்பின் பெட்டியை ஒரு வாரம் மொட்டை மாடியில் வைத்து, மதிய வேளையில் மின்கலச் சூடும், விடியற்காலையில் மின்கல அழுத்தமும் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியற்கால அழுத்தம் நாளுக்கு நாள் இறங்காமல் நின்றால் குட்டைக்கரைக்கு எடுத்துச் செல்லலாம்.