எருசலேம் போவதற்கு முன் கிழமையைப் பாருங்கள்

மதியம் ஒரு மணிக்குப் பெரியார் நிலையத்தில் இறங்கி, கையில் பூவும் இடுப்பில் பிள்ளையுமாக "மீனாட்சி கோயிலுக்கு எப்படிண்ணே போகணும்?" என்று கேட்பவர்களை 31 வருஷம் கண்டக்டர் வேலையில் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதைச் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடும். ஊருக்கெல்லாம் நேரம் சொன்ன நானே 2018-இல் எருசலேமில் அப்படித்தான் நின்றேன்.

குழுவாகப் போனோம். வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுபோய் இறக்கினார்கள், ஞாயிறு விடிகாலையில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மதத்துக்கும் பொதுவான ஊரில் வாரத்துக்கு மூன்று நாள் புனித நாள்: வெள்ளி இஸ்லாமியருக்கு, சனி யூதருக்கு, ஞாயிறு நமக்கு. ஒவ்வொருவர் நாளிலும் மற்றவர்களுக்கு ஏதோ ஒரு கதவு மூடியிருக்கும். எங்கள் பயணத்தைப் போட்ட ஏஜென்ட் காலண்டரே பார்க்கவில்லை. 2022-இல் மகன் பணம் அனுப்ப, வீட்டம்மாவோடு இரண்டாம் முறை போனபோது டிரிப் ஷீட்டை நானே எழுதினேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

புதன்கிழமை போய்ச் சேருங்கள். யோர்தான் நாட்டு வழியாக ஆலன்பி பாலத்தில் எல்லை கடப்பவர்களுக்கும் இது நல்லது. வெள்ளி, சனிகளில் அந்தப் பாலத்தைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

வியாழன் காலை முதல் வேலையாக அல்-அக்ஸா வளாகம். பாய்மார்கள் பைத்துல் முகத்தஸ் என்பார்கள். தங்கக் குவிமாடம் இருப்பது அங்கேதான். அதைக் கட்டி முடித்து 1300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரைதான் போகலாம். காலையில் சில மணி நேரம், மதியத் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம், அவ்வளவே. யூதர்கள் ஜெபிக்கும் அழுகைச் சுவருக்குப் பக்கத்திலிருந்து ஏறும் மரப்பாலம் ஒன்றுதான் நமக்கு வழி. பள்ளிவாசலுக்குள்ளும் குவிமாடத்துக்குள்ளும் விடமாட்டார்கள், முற்றத்தில் நடக்கலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டும் பெண்கள் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். பைபிள், ஜெபமாலை எதுவும் பையில் இருக்கக் கூடாது. என் மனைவியின் பைக்குள் கிடந்த சின்னப் புதிய ஏற்பாட்டைச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள். அன்று அதைத் திரும்ப வாங்குவதற்குள் பெரும்பாடு. ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளி காலை ஒலிவ மலை. இதற்கு ஒரே விதி: வண்டியில் ஏறி, நடந்து இறங்குங்கள். 2018-இல் ஏற்றத்தை நடந்தே ஏறிய எங்கள் குழுவில் பாதிப் பேர் அடிவாரத்துக் கெத்செமனே தோட்டத்துக்கு வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓட்டில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். தமிழும் உண்டு, தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே நின்று வீட்டம்மா சத்தமாகவே வாசித்தார்.

மதியம் 3 மணிக்குப் பிரான்சிஸ்கன் சாமியார்கள் சிலுவைப்பாதை போவார்கள், இயேசு சிலுவை சுமந்த வழியில் நின்று நின்று ஜெபித்துப் போவது அது. கோடை நேரக் கணக்கில் 4 மணி. 14 நிலைகள், கடைத்தெரு நடுவே. ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிற கூட்டம், மசாலாக் கடை, கைவண்டி எல்லாவற்றுக்கும் இடையில்தான் பாட்டு நகரும். சித்திரைத் திருவிழாவில் நெரிபட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இது சிரமமே இல்லை. ஆனால் தெருக் கல் வழவழப்பு. ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம்.

பொழுது சாயும்போது அழுகைச் சுவர். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதி. ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் குல்லா சும்மாவே கிடைக்கும். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் போட்டோ எடுக்கக் கூடாது, அங்கே நின்று எழுதவும் கூடாது. சுவர் இடுக்கில் வைக்கும் வேண்டுதல் சீட்டை வியாழக்கிழமையே வைத்துவிடுங்கள். பாட்டும் ஆட்டமுமாக அவர்கள் ஓய்வுநாளை வரவேற்பதைப் பார்த்தால் அழுகைச் சுவர் என்ற பேரே பொருத்தமில்லை என்று தோன்றும்.

இனி சனிக்கிழமை சூரியன் மறைந்து இருட்டும்வரை யூதப் பகுதியில் கடை இல்லை, டிராம் இல்லை, பஸ் இல்லை. டமாஸ்கஸ் வாசல் பக்கம் அரபுக்காரர்களின் வண்டிகள் ஓடும். எள்ளு ஒட்டிய நீள வளைய ரொட்டியும் அங்கே கிடைக்கும், இரண்டு வாங்கினால் ஒரு பொழுது ஓடிவிடும். எங்கள் விடுதியில் ஓய்வுநாள் லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. பட்டனை அழுத்துவதும் வேலை என்பதால் அதுவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகிறது. எங்கள் டவுன் பஸ்ஸேதான்! இன்னொன்று: யூதரின் உணவு விதிப்படி நடக்கும் கோஷர் ஓட்டலில் கறி சாப்பிட்டுவிட்டுப் பால் டீ கேட்காதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும் வராது.

இயேசுவின் கல்லறை இருக்கும் கல்லறைக் கோயிலுக்குப் பகலில் போகாதீர்கள். கல்லறைக்குள் குனிந்து நுழைய மணிக்கணக்கில் வரிசை நிற்கும். விடியற்காலை 5 மணிக்கே கதவு திறந்துவிடும். சனிக்கிழமை அந்நேரம் போனோம், எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். அவரைச் சிலுவையில் அறைந்த கல்வாரியும் கல்லறையும் ஒரே கூரைக்குள் என்பது பலருக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது. ஆறு சபைகள் பங்கு போட்டிருக்கிற கோயில் அது. வாசலுக்கு மேலே ஜன்னலடியில் ஒரு மர ஏணி தெரியும். எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பது ஏற்பாடு, அதனால் 1700-களிலிருந்து அங்கேயே நிற்கிறது. கோயில் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பு. ஒரு குடும்பம் சாவியை வைத்திருக்கும், இன்னொரு குடும்பம் கதவைத் திறக்கும்.

செலவுக்குத் தமிழக அரசின் மானியம் உண்டு. கலெக்டர் ஆபீசில் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே நிலைமை வேறு, வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. அல்-அக்ஸா முற்றத்தில் நம்மைப் போன்றவர்கள் ஜெபிக்கக் கூடாது, காவலர்கள் உதட்டையே கவனிப்பார்கள். மகபூப்பாளையத்து பாய் ஒருவர், என்னோடு ஒரே டெப்போவில் டிரைவராக இருந்தவர், "அங்க நின்னு என் பேரை ஒரு தடவை சொல்லிட்டு வாங்கண்ணே" என்று 2018-லேயே கேட்டிருந்தார். நாலு வருஷம் கழித்து, ஒரு ஒலிவ மரத்தடியில், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வாயை இறுக்கி மூடியபடி சொல்லிவிட்டு வந்தேன்.