குத்துச்சண்டை வீரரின் ரசிகர் பலத்தைக் கணிப்பது எப்படி?

2015 மே 3, ஞாயிறு நண்பகல். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சனிக்கிழமை இரவு நடந்த பிலிப்பீன்ஸின் மேனி பக்கியாவ் – அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதர் மோதலைச் சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகிலுள்ள ஒரு காப்பிக்கடையில் நண்பர்களுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் சுற்றில் பக்கியாவின் இடக்கைக் குத்து விழுந்து மேவெதர் கயிற்றோரம் ஒதுங்கியபோது, அடுத்த மேசையில் இருந்த இரண்டு பிலிப்பீன்ஸ் பெண்களும் எங்கள் மேசையில் இருந்த தமிழர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். மேவெதர் வென்றதாக அறிவிக்கப்பட்டதும் நாங்கள் புள்ளிகளைப் பற்றி வாதாடத் தொடங்கினோம். அந்தப் பெண்களில் ஒருவரோ மேசைமேல் விரித்திருந்த சிறிய கொடியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களை எழுப்பியது பக்கியாவின் ஆட்டப் பாணி, அவர்களை எழுப்பியது நாடும் பாணியும். ஒரு வீரரின் ரசிகர் பலத்தை அளக்க விரும்புகிறவர், இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் சண்டையின் தேதியையும் இடத்தையும் பாருங்கள். மெக்சிகோவின் சவுல் அல்வாரெஸ் பெரிய சண்டைகளைப் பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்திலும் செப்டம்பர் நடுவிலும், அதாவது மெக்சிகோ மக்கள் கொண்டாடும் நாள்களை ஒட்டியே, வைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு திருநாளுக்குச் சேர வேண்டியது என்பதால் அதைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

அடுத்து, அந்த நாட்டு ரசிகர்கள் எதை நல்ல குத்துச்சண்டை என்று கருதுகிறார்கள் எனத் தெரிந்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் மிகுதியாகக் கற்றுத்தருவது இந்தப் படிதான். முன்னேறிச் சென்று, அடி வாங்கினாலும் பின்வாங்காமல், கல்லீரலைக் குறிவைத்து இடக்கையை வளைத்து ஹுக் என்னும் குத்தை வீசுகிறவரை மெக்சிகோ ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். 1993 பிப்ரவரியில் மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸின் சண்டையைக் காண மெக்சிகோ நகரின் அஸ்தேக்கா விளையாட்டரங்கில் 1,32,274 பேர் திரண்டதற்கு அவருடைய பிறப்பும் அந்தப் பாணியும் சேர்ந்தே காரணம். கியூபாவின் குத்துச்சண்டை மரபோ அடி வாங்காமல் அடிப்பதையே கலையாகப் போற்றுகிறது. அந்த மரபில் வளர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற கியெர்மோ ரிகோண்டோ, 2013இல் நியூயார்க்கில் பிலிப்பீன்ஸின் நோனிட்டோ டொனேரைப் புள்ளிகளில் வென்றார். ஆனாலும், அவருடைய தற்காப்பு ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சி அவரை ஒளிபரப்பத் தயங்கியது. தாயகத்தை விட்டு வெளியேறிய அவருக்குப் பின்னால் அரங்கை நிரப்பும் நாட்டவர் கூட்டமும் இல்லை. அந்தத் திறமைக்கு இது பெரிய அநீதி என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

பாணி நாட்டின் எல்லையைத் தாண்டுகிறதா என்பது அடுத்த சோதனை. கசக்ஸ்தானின் கெனடி கோலோவ்கின், மெக்சிகோ வம்சாவளிப் பயிற்றுநரிடம் கற்ற ஆட்டத்தை ‘மெக்சிகோ பாணி’ என்றே சொல்லிக்கொண்டார். 2014 அக்டோபரில் கலிபோர்னியாவில் மெக்சிகோ வீரர் ஒருவரையே அவர் இரண்டாம் சுற்றில் வீழ்த்தியபோது, மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்திருந்த அரங்கில் அவருக்கும் பெரும் ஆரவாரம் கிடைத்தது.

நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒலியை முழுவதும் அடக்கி மூன்று சுற்றுகளைப் பார்த்து, சுத்தமாக விழுந்த குத்துகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சுற்றுகளை ஒலியோடு பாருங்கள். கையுறையில் பட்ட குத்துக்கும் கூட்டம் முழங்கினால் அது பெரும்பாலும் நாட்டுப்பற்று. எதிராளியின் நல்ல குத்துக்கும் முழக்கம் எழுந்தால், அங்கே பாணியை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தோல்விக்குப் பிறகும் ரசிகர்கள் உடன் நிற்கிறார்களா என்று கவனியுங்கள். 2007 டிசம்பரில் பிரிட்டனின் ரிக்கி ஹாட்டன் மேவெதரிடம் பத்தாம் சுற்றில் வீழ்ந்தார். அவருக்காகக் கடல் கடந்து வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அதன் பிறகும் அவர் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் இந்த அளவுகோலைச் சற்று மாற்ற வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கிய சையது அப்துல் காதரை மூத்தவர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள், ஆனால் சிறிய நாட்டில் கொடிக்காக மட்டும் வருகிறவர்களைக் கொண்டு அரங்கை நிரப்ப முடியாது. உள்ளூர்ச் சண்டைகளில் தமக்குத் தெரிந்தவரின் ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தோடு எழுந்து போகிறவர்கள் பலர். அவர்கள் போன பிறகு, பெயர்கூடத் தெரியாத ஒருவரின் அடுத்த சுற்றுக்காக இருக்கையின் நுனியில் அமர்ந்திருப்பவர்களை எண்ணுங்கள்.